இருபத்துநான்கு முயல்களும் ஓர் இடுப்பும்

2023 ஜனவரி 9, திங்கள். காலை 9.40. முயல்கள் 24.

எல்லாம் ஆண், எல்லாம் வெள்ளை. மூன்றே முக்கால் கிலோவிலிருந்து நாலு கிலோவுக்குள். இடது அடுக்கில் 1 முதல் 12, வலது அடுக்கில் 13 முதல் 24. இன்று ஊசி. இருபத்தெட்டாம் நாள் தொடை எலும்பை எடுத்துப் பார்ப்பது.

இந்த நோட்டு ஹெப்சிபா மேடத்தின் யோசனை. எலும்பு மருத்துவத் துறைப் பேராசிரியர், என் நெறியாளர். "ஆய்வகப் பதிவேட்டுல எண்ணை மட்டும் எழுது நாயகம். மத்ததை வேற நோட்டுல கொட்டு. உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார். கொட்டுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் வருடம். கேள்வி எளிது. ஸ்டீராய்டு அதிகம் போனால் சிலருக்குத் தொடை எலும்பின் மேல்முனைப் பந்து செத்துப்போகிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. முதலில் உள்ளே செல்கள் சாகும். பந்து மட்டும் உருண்டையாகவே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு பாரம் தாங்காமல் ஒருநாள் நசுங்கும். நசுங்கிவிட்டால் செயற்கை மூட்டுதான். நசுங்குவதற்கு முன் மருந்தால் தடுக்க முடியுமா?

மனிதரிடம் பார்ப்பதற்கு முன் விலங்கிடம் பார்க்க வேண்டும். எலியில் சரியாக வருவதில்லை. இரண்டு காலில் நடக்கிறதே என்று கோழியை வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். முயலில் ஒரே ஒரு பெரிய ஊசி போதும். நாலு வாரத்தில் பத்துக்கு ஏழு முயலுக்கு எலும்பு சாகும். எங்கள் மருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஒன்றும் ரத்தம் உறையாமல் வைக்கும் ஒன்றும் சேர்ந்த கலவை. இடது அடுக்குக்குத் தினமும் வாய்வழி அது. வலது அடுக்குக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். ஸ்டீராய்டு இரண்டுக்கும் ஒரே அளவு.

ஒரு முயலுக்கு ஒரு குப்பி, ஏறத்தாழ இரண்டு மில்லி. இருபத்துநான்கு குப்பியையும் ஒவ்வொன்றாகக் குலுக்கி, மூடி துடைத்து, உறிஞ்சி, மாட்டி... பொழுது போய்விடும். 9.20-க்கு மருந்து அறையில் எல்லாவற்றையும் ஒரே பெரிய குழாயில் ஊற்றினேன். நன்றாகக் குலுக்கினேன். விலங்குக் கூடத்துக்குக் கொண்டுவந்து தாங்கியில் நிறுத்தி, அங்கி மாட்டி, கூண்டுகளைச் சரிபார்த்து, 9.40-க்கு மேலிருந்து உறிஞ்சி முதல் ஊசி. 1-ல் தொடங்கி 24-ல் முடித்தேன். வரிசை மாறினால் குழப்பம் வரும். 10.55-க்கு எல்லாம் முடிந்தது. முக்கால் மணி நேரம் மிச்சம்.

முயலைத் துண்டில் சுற்றிப் பிடித்தது பால்வண்ணன் அண்ணாச்சி. விலங்குக் கூடத்தின் பராமரிப்பு ஊழியர், நாற்பத்தாறு வயது. நல்ல பிடி. ஒரு முயலும் உதறவில்லை. ஆனால் சும்மா பிடிக்க மாட்டார்.

"தம்பி, அடியில சுண்ணாம்பு கணக்கா படியுதே. ஒரு ஆட்டு ஆட்டிறலாமா?"

"நீங்க முயலைப் பிடிங்க அண்ணாச்சி."

"பிடிச்சுக்கிட்டுதான் கெடக்கேன். கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

எல்லாருக்கும் ஒரு ஆலோசனை இருக்கிறது.

ஜனவரி 10

24 உயிரோடு. 24 தின்கின்றன.

ஜனவரி 14, சனி

எடை. இடது அடுக்கில் பெரிய மாற்றம் இல்லை. வலது அடுக்கு இளைக்கிறது. 20-க்கு மேல் உள்ளவை நன்றாகவே இளைத்துவிட்டன. ஐந்தே நாளில் மருந்து வேலை காட்டுகிறதா என்ன? மேடத்திடம் இப்போது சொல்ல வேண்டாம். சொன்னால் "அவசரக்குடுக்கை" என்பார்.

அண்ணாச்சி மீது எரிச்சல். எட்டு மணிக்கு முடிய வேண்டிய கூண்டுத் தட்டு கழுவல் ஒன்பதரை வரை நீள்கிறது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கழுவுகிறார். கீழ்க்கூண்டுக்குக் குனிவதில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து எட்டுகிறார். போதாததற்கு 22-ன் கூண்டில் முருங்கைக்கீரை.

"இது யாரு வச்சா?"

"பாவம், ஒண்ணும் திங்க மாட்டேங்கு. வீட்டுலேருந்து ரெண்டு கொப்பு..."

"எல்லாத்துக்கும் ஒரே தீனின்னு எத்தனை தடவை சொல்ல? ஒண்ணுக்குக் கீரை வச்சா கணக்கு கெட்டுப்போவும்."

"கீரை தின்னாலா கணக்கு கெடும்?" என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனார். போகும்போது இடது காலை லேசாக இழுத்தார். நாடகம்.

ஜனவரி 19

24-ம் எண் செத்தது. அறுத்துப் பார்த்தேன். நுரையீரல் முழுக்கச் சீழ். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், எதிர்பார்த்ததுதான். மிச்சம் 23.

ஜனவரி 21, சனி

22, 23. இரண்டும் ஒரே காலையில். மிச்சம் 21.

மேடம் அசரவில்லை. "எல்லா ஆய்வுக் கட்டுரையிலயும் ரெண்டு மூணு சாகும் நாயகம். செத்தது எல்லாம் மருந்து குடுக்காத அடுக்குல. அதைக் கவனிச்சியா?"

கவனித்தேன். எடை பார்த்த அன்றைக்கே கவனித்தேன்.

ஜனவரி 25

தினமும் முயல் நடையை மதிப்பிடுகிறேன். சுழியம் என்றால் சரளம், மூன்று என்றால் காலை ஊன்றவே இல்லை. வலது அடுக்கில் இரண்டு முயல்களுக்கு 1 என்று மதிப்புப் போட்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் கதவருகே அண்ணாச்சி தீவன மூட்டையோடு வருகிறார். கை தானாக 2 என்று எழுதப் போனது.

பத்து நாளாக நாடகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வலிக்கு?"

"முட்டு தம்பி. வயசாவுதுல்லா."

"முட்டா, தொடைச் சந்தா?"

யோசித்தார். "சந்துல ஆரம்பிச்சு முட்டுக்கு எறங்குது."

மேசையில் படுக்கச் சொன்னேன். முழங்காலை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளினேன். "யம்மா!" என்ற சத்தத்தில் இருபத்தொரு முயலும் மூலைக்கு ஓடின.

2021 மே மாதம் கொரோனா. பதினெட்டு நாள் ஆக்சிஜன். ஊசியில் ஸ்டீராய்டு. வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் பத்து நாள் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இவர் அந்தச் சீட்டைக் காட்டிக் கடையில் எட்டு மாதம் வாங்கித் தின்றிருக்கிறார்.

"அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையா? போட்டா நல்லா பசிக்கும் தம்பி. உடம்பு தெம்பா இருந்துச்சு."

நாலு வருடமாக இந்த மனிதர் எங்கள் ஆய்வுக் கூண்டுகளைக் கழுவுகிறார். ஒருவரும் அவரிடம் எதற்கு இந்த ஆய்வு என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 30

அண்ணாச்சியின் ஸ்கேன் வந்தது. இடது பக்கம். இரண்டாம் நிலை. எலும்பு செத்திருக்கிறது, பந்து இன்னும் நசுங்கவில்லை. வலது பக்கம் சுத்தம்.

மேடம் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி அவருக்கே காட்டினார். "இந்தக் கறுப்புப் பட்டைதான். பக்கத்துலேருந்து ஒரு சின்ன ஓட்டை போட்டு உள்ள இருக்கற அழுத்தத்தைக் குறைச்சிருவோம். புது ரத்தம் உள்ள போவும். நசுங்கறதுக்கு முன்னால பண்ணினாத்தான் பிரயோசனம். பிப்ரவரி இருபது வச்சிக்கிடுவோமா?"

"எத்தனை நாள் படுக்கணும் டாக்டரம்மா?"

"ஆறு வாரம் ஊன்றுகோல்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் ஒப்பந்த ஊழியர். ஆறு வாரம் வரவில்லை என்றால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். அது எல்லாருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் கேட்டார். "தம்பி, நம்ம முயலுக்குக் குடுக்கியளே, அந்த மருந்து இதுக்குத்தானா?"

"ஆமா."

"நாந்தான் முயலா அப்ப?" என்று சிரித்தார்.

பிப்ரவரி 6, திங்கள். இருபத்தெட்டாம் நாள்.

21 முயல்களையும் முடித்தோம். மயக்க ஊசி, பிறகு அதிக அளவு. வலி இல்லை. காலை ஏழிலிருந்து பிற்பகல் இரண்டு வரை. 42 தொடை எலும்புகள் ஃபார்மலினில்.

அண்ணாச்சி ஒவ்வொன்றையும் தூக்கிக் கொடுத்தார். கடைசி முயலுக்குப் பிறகு காலிக் கூண்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். நாளைக்குக் கழுவலாம் என்றேன். காதில் விழாதது மாதிரி கழுவினார்.

பிப்ரவரி 15

எலும்பை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்தால்தான் மெழுகில் வைத்துச் சீவ முடியும். தினமும் ஊசியால் குத்திப் பார்க்கிறேன். ஊசி இன்னும் இறங்கவில்லை. அமிலத்தைக் கூட்டலாமா என்று திசு ஆய்வகத்தின் ஜெய்லானியிடம் கேட்டேன்.

"கூட்டும். செல்லு எல்லாம் கரைஞ்சு போவும். அப்புறம் ஒமக்கு எல்லா முயலுக்கும் செத்த எலும்புதான். ஒரே நாள்ல டாக்டர் பட்டம்."

"சீக்கிரம் வேணும் வே."

"சோறு வேகதுக்குள்ள தட்டைத் தட்டாதயும்."

அண்ணாச்சி வந்தார். இருபதாம் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாராம். மேடம் மார்ச் பத்து என்று கொடுத்திருக்கிறார்.

"ஒங்க முயல் கணக்கு வரட்டும் தம்பி. மருந்துலயே சரியாவும்னா எதுக்கு ஓட்டை போடணும்? எப்ப வரும்?"

"ரெண்டு மூணு வாரத்துல வந்துரும்."

"நல்லா வருமா?"

"வரும்னுதான் தோணுது."

சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருந்தது. முயலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து கொடுத்தோம். அவருடைய எலும்பு ஏற்கெனவே செத்தது. தடுப்பது வேறு, மீட்பது வேறு. அமில வாளியை மாற்ற வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

பிப்ரவரி 27

எலும்பைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகள் வந்தன. எது எந்த முயல் என்று எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் ஏமாற்றும். ஜெய்லானி எண்களை மறைத்து எங்கள் ஊர் ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகும் பேருந்து நிறுத்தங்களின் பெயரை ஒட்டியிருக்கிறார். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி... இருபத்தொரு நிறுத்தம் தேறவில்லை என்று இரண்டு டீக்கடை பெயரும்.

எலும்புக்குள் பொந்துகள் இருக்கும். உயிருள்ள எலும்பில் பொந்துக்குப் பொந்து ஒரு நீலப் புள்ளி, அதுதான் செல். செத்த எலும்பில் பொந்து காலி. காலிப் பொந்தை எண்ணுவதுதான் இனி நான்கு நாள் வேலை.

பேட்டையில் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. கல்லிடைக்குறிச்சி காலி.

மார்ச் 3, வெள்ளி

மறைத்த எண்களைத் திறந்தோம்.

மருந்து கொடுத்த அடுக்கு: 12-ல் 2-க்குத்தான் எலும்பு செத்திருக்கிறது.
மருந்து கொடுக்காத அடுக்கு: 9-ல் 8.

இது தற்செயலாக வர வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பத்து வருடமாக இந்தக் கலவையை நம்பிக்கொண்டிருப்பவர். இரண்டும் ஏற்கெனவே கடையில் விற்கும் மருந்துகள் என்பதால், முயல் ஆய்வின் முடிவு சாதகமாக வந்தால் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்து வைத்திருக்கிறது. மார்ச் 13, திங்கள், முதல் மாத்திரை.

அந்தப் பத்தில் ஒருவர் பால்வண்ணன்.

கூடத்தின் வெள்ளைப் பலகையில் அவருக்கு எழுதிக் காட்டினேன். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் எட்டு. அவருக்குப் புள்ளியியல் வேண்டாம். நான் பேனாவால் வட்டம் போட்டதையே பார்த்தார்.

"அப்ப பத்தாம் தேதி வேண்டாம்னு சொல்லிறட்டுமா?"

"சொல்லுங்க."

ஜெய்லானி பரோட்டா கேட்டார். ஆறு தின்றார். "டாக்டர் நாயகம்னு போர்டு எழுதச் சொல்லட்டா? மாட்டு டாக்டரா, மனுச டாக்டரான்னு கேப்பான், என்ன சொல்ல?"

"முயல் டாக்டர்" என்றேன். நான் நகைச்சுவை சொன்னது இந்த வருடம் முதல் தடவை.

மார்ச் 6

ஆய்வேட்டுக்கு அட்டவணை தயாரிக்கிறேன். காலிப் பொந்து விழுக்காடு, முயல் எண் வரிசையில்.

மருந்து கொடுத்தும் எலும்பு செத்த இரண்டு முயல்கள், 11-ம் 12-ம்.

9-லும் 10-லும் ஆரம்பத் தடயம். 1 முதல் 5 வரை பச்சைக் குழந்தை எலும்பு மாதிரி. மருந்து கொடுக்காத அடுக்கில் தப்பிய ஒரே முயல் 14. அதன் பிறகு 15, 16, 17 என்று ஏறிக்கொண்டே போகிறது. 21 உச்சம். செத்தவை 22, 23, 24.

அடுக்கை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு படிக்கட்டு. 12-க்கும் 13-க்கும் நடுவே, மருந்து முடிந்து மருந்தின்மை தொடங்கும் இடத்தில், ஒரு பெரிய எகிறல் இருக்க வேண்டும். இல்லை. படி படியாகத்தான் ஏறுகிறது.

தற்செயல். முயல் வந்த வரிசையாக இருக்கலாம். கூண்டின் உயரமாக இருக்கலாம்.

மார்ச் 7

எடை அட்டவணையும் அதே படிக்கட்டு.

மார்ச் 8, புதன்

இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் படித்தேன். என் கையெழுத்து. முக்கால் மணி நேரம் மிச்சம் என்று ஒரு வரி. அதன் கீழே அண்ணாச்சி சொன்ன சுண்ணாம்பு.

அந்த ஸ்டீராய்டு தெளிந்த நீர் இல்லை. தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் தூள். நிறுத்தி வைத்தால் படியும். குப்பிக்குக் குப்பி குலுக்கச் சொல்வது அதனால்தான். இரண்டாம் வருட மாணவனுக்குத் தெரியும்.

மிச்சம் ஆறு குப்பிகள் இருந்தன. சின்னக் குழாயில் ஊற்றினேன். ஒரு தடவை குலுக்கினேன். இருபது நிமிடம் நிறுத்தினேன். அன்று போலவே மேலிருந்து உறிஞ்சினேன், அன்றைய வேகத்துக்கு ஈடாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று. ஆறு ஊசிக்குழாய்களையும் வரிசையாக நிமிர்த்தி வைத்தேன்.

முதலாவது தண்ணீர். அடியில் ஒரு வெள்ளை நூல், அவ்வளவுதான். நாலாவது பால். ஆறாவது தயிர்.

ஆக, 1-ம் எண் முயலுக்கு நான் ஸ்டீராய்டே போடவில்லை. 24-ம் எண்ணுக்குப் பல மடங்கு போட்டுக் கொன்றேன். மருந்து கொடுத்த அடுக்கு பிழைத்தது மருந்தால் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அது முதலில் வரிசையில் நின்றது, அவ்வளவுதான்.

வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். வரிசை மாறினால் குழப்பம் வரும் என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 9, வியாழன்

மேடம் சென்னையில். நாளைதான் வருவார். போனில் சொல்லலாம். சொல்லவில்லை.

அண்ணாச்சி மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். புளியோதரை, அப்பளம். அவர் மனைவி ஆவுடை மதினி எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டிருக்கிறாராம்.

"திங்கக்கிழமை வெறும் வயித்துல போடணுமா, சாப்பிட்டா?"

"சாப்பிட்டு."

"அவ கேக்கச் சொன்னா. மாத்திரை போட்டா மீன் திங்கலாமான்னும் கேட்டா. ரத்தத்தை எளக்குமாமே, கை அறுபட்டா நிக்காதாமே. அரிவாமனைகிட்ட போவாதீயன்னு இப்பவே சட்டம்."

ரத்தத்தை இளக்கும். அது மட்டும் உறுதியாகத் தெரியும்.

"வலி எப்படி இருக்கு?"

"நெசமாச் சொன்னா நாலு நாளா கூடத்தான் செய்யுது. நேத்து பஸ்ஸுல ஏறும்போது உள்ள டொக்குன்னு ஒரு சத்தம். மூணு நாள்தான, தாங்கிக்கிடுவேன்."

சாப்பிட்டேன். புளியோதரை நன்றாகவே இருந்தது. கை கழுவினேன். டொக் என்ற சத்தத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 10, வெள்ளி

காலை ஒன்பதுக்கு மேடத்தின் அறை. ஆறு ஊசிக்குழாய்களையும் மேசையில் நிறுத்தினேன். அட்டவணையை விரித்தேன். சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம்."

முதல் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஆறாவதை எடுக்கவில்லை.

"ஒரே குழாய்ல ஊத்தச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நேரம் மிச்சமாகும்னு..."

"நேரம்!" மேசையில் ஓங்கி அடித்தார். குழாய்கள் உருண்டன. நான் பொறுக்கி நிறுத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குக் குரல் இறங்கியது. "அன்னைக்கு நான் வந்து நின்னிருக்கணும். ஊசி போடறதுதானேன்னு விட்டுட்டேன்."

மேடம் அட்டவணையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாயகம், மருந்து வேலை செய்யலைன்னு இதை வச்சு நீ நிரூபிக்க முடியுமா?"

"முடியாது மேடம். செய்யுதுன்னும் முடியாது."

"அப்ப திங்கக்கிழமை ஆரம்பிச்சா என்ன? ரெண்டும் பழகின மருந்து. அது ஒரு பக்கம் நடக்கட்டும். நீ புதுசா இருபத்துநாலு முயலை வச்சு ஓட்டு. நாலு மாசத்துல தெரிஞ்சிரும்."

நியாயமாகத்தான் ஒலித்தது. அதுதான் பயம். முந்தாநாள் முதல் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் அதையேதான், கிட்டத்தட்ட அதே சொற்களில்.

"பால்வண்ணன் அண்ணாச்சிக்கு இன்னைக்குத்தான் மேடம் ஆபரேஷன். இன்னைக்குத் தேதி. வேண்டாம்னு சொல்லிட்டு, உள்ள சத்தம் கேக்குதுன்னு சொல்லிக்கிட்டு, கூண்டு கழுவிக்கிட்டு இருக்கார். மத்த ஒன்பது பேரு எதை விட்டுட்டு வாராங்கன்னு நமக்குத் தெரியாது."

"சத்தமா? எப்பலேருந்து?"

"புதன்கிழமை."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மேசை போனை இழுத்து வைத்துக்கொண்டார்.

"முதல் பேரைச் சொல்லு."

ஒன்பது பேரையும் அவரே கூப்பிட்டார். ஒவ்வொருவரிடமும், "எங்க ஆய்வுல ஒரு பெரிய தப்பு இருக்கு, அதனால மாத்திரை இல்ல, பழையபடி ஓ.பி.க்கு வாங்க" என்றார். யாருடைய தப்பு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. கடலூரிலிருந்து வரவிருந்த ஒருவர் டிக்கெட் எடுத்துவிட்டாராம், சத்தம் போட்டார். மேடம் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

ஒன்பதாவது முடிந்ததும் போனை வைத்தார்.

"பத்தாவது ஆளுக்கு நான் பேச மாட்டேன். நீ போய்ச் சொல்லு."

போனேன். அவர் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அதற்குள் கிளம்பியிருந்தார்.

மார்ச் 11, சனி

காலை 7.15. கூடத்தில் மற்ற ஆய்வு விலங்குகளின் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை மாத்திரை கிடையாது."

"தள்ளிப் போட்டுட்டாவளா?"

"இல்ல. அந்தக் கணக்கே தப்பு. தப்பு என்னுது."

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், தூள், வரிசை. குழாயடித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் நிறுத்தினார்.

"அப்ப மருந்து கேக்காதா?"

"தெரியாது."

"கேக்கும்னு நீங்கதான சொன்னிய."

"சொன்னேன்."

"பலகையில வட்டம் போட்டுக் காட்டுனிய."

"காட்டினேன்."

"இருவதாம் தேதியே படுத்திருந்தா, இந்நேரத்துக்குப் பாதி ஆறியிருக்கும்லா?"

"ஆமா."

திட்டுவார் என்று நின்றேன். தட்டைத் துடைத்து அடுக்கினார். இன்னொரு தட்டு. இன்னொன்று. ஒன்பதாவது தட்டில் கை நின்றது.

"ஆவுடைகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல? தம்பி படிச்ச ஆளு, தம்பி சொன்னா சரியா இருக்கும்னு சொல்லித்தான அவ வாயை அடைச்சேன்?"

அந்தத் தட்டையும் கவிழ்த்து வைத்தார்.

"படம் எடுக்கணுமா?"

"இப்பவே எடுக்கணும்."

"வாரும்."

இத்தனை நாளில் அவர் என்னை 'வாங்க தம்பி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். படி இறங்கும்போது தோளைக் கொடுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எக்ஸ்ரே. பந்தின் மேல் விளிம்புக்குக் கீழே நகக்கீறல் மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. ஜனவரி ஸ்கேனில் அது இல்லை. மேல்தோடு உள்ளே இருப்பதை விட்டு விலகத் தொடங்கியிருக்கிறது.

மேடம் இரண்டு தடவை படத்தை மாட்டிக் கழற்றினார். அண்ணாச்சியிடமே நேராகச் சொன்னார்.

"ஜனவரியில பார்த்ததை விட மோசமாத்தான் இருக்கு. ஆனா பந்து இன்னும் உள்ள போகல. செவ்வாய்க்கிழமை காலையில முதல் கேஸா ஓட்டை போட்டு, இடுப்பு எலும்புலேருந்து கொஞ்சம் எடுத்து உள்ள வைக்கிறேன். நிக்கலாம். நிக்காமலும் போகலாம். நின்னா உங்க எலும்பு. இல்லன்னா ரெண்டு மூணு வருசத்துல மூட்டு மாத்தணும்."

"இருவதாம் தேதி பண்ணியிருந்தா?"

மேடம் என்னைப் பார்க்கவில்லை. "வாய்ப்பு இதைவிட நல்லா இருந்திருக்கும்."

அண்ணாச்சி தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போடட்டுமா என்று கேட்டேன். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அவ வந்து போடுவா" என்றார்.

மாலை 4.30. இனி செய்ய வேண்டியவை:

1. நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம். மூன்று பக்கம், எழுதிவிட்டேன். "தொழில்நுட்பக் கோளாறு" என்று இருந்த இடத்தை அடித்து "நான் குலுக்கவில்லை" என்று மாற்ற வேண்டும். திங்கள் பத்து மணிக்கு நேரில்.

2. ஜெய்லானியிடம் சொல்ல வேண்டும். நாலு நாள் உட்கார்ந்து சீவியவர். வேறு வாயால் கேட்கக்கூடாது.

3. ஆய்வேடு இந்த வருடம் இல்லை என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அப்பா ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்ல வேண்டும்.

4. ஆறு வாரம் கூண்டு, தட்டு, தீவனம் எல்லாம் நான். ஒப்பந்தக்காரர் வேறு ஆள் போடக்கூடாது என்று மேடத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். மேடம் கையெழுத்துப் போட்டதும் நகல் எடுத்து ஆவுடை மதினியிடம் கொடுக்க வேண்டும். அண்ணாச்சியிடம் இல்லை.

5. புதிய முயல்கள் வர ஏப்ரல் ஆகும். எந்த முயல் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு வேறொருவர் முடிவு செய்வார். முடிவு எப்படி வந்தாலும் அப்படியே எழுத வேண்டும், மருந்து தோற்றாலும்.

6. செவ்வாய் காலை 6.30, அறுவை அரங்கின் வாசல். உள்ளே கூப்பிட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார மதினி இடம் தர மாட்டார். நின்றுகொண்டிருப்பது.

7. அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது, இப்போதைக்கு. கேட்டால் "பரவால்ல தம்பி" என்று சொல்லிவிடுவார். அந்த இடுப்பு நிற்குமா என்று தெரியும்வரை அதை அவரைச் சொல்ல வைக்க எனக்கு உரிமை இல்லை.